மின்சாரம் போனால் காற்றாலை தானாகவே நிற்க வேண்டும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: முப்பந்தல் அருகே நீண்ட காலமாக ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் காற்றாலையின் கட்டுப்பாட்டுப் பேனலை மாற்ற இருக்கிறோம். ஒன்றுக்கு இரண்டாகப் பிஎல்சி (ஆலையின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) பொருத்திவிட்டால் கவலையே இல்லை என்று பேனல் செய்பவர் உறுதி கூறுகிறார். அந்தக் கூடுதல் செலவு தேவைதானா?
- வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: இரண்டு பிஎல்சிக்கும் 24 வோல்ட் மின்சாரம் எங்கிருந்து வரப்போகிறது என்று முதலில் அவரிடம் கேளுங்கள். ஒரே பவர் சப்ளையிலிருந்து வருமானால், இரண்டும் ஒரே வேக உணரியை நம்பியிருக்குமானால், ஒரு மின்னலில் இரண்டும் ஒருசேரச் செயலிழக்கக்கூடும். ஒன்றைக் கெடுக்கும் காரணம் மற்றொன்றை எட்டாதபடி பிரித்து அமைத்தால்தான் இரண்டு வைத்ததற்குப் பொருள் உண்டு.

வடிவமைப்பை வேறொரு முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாயும் மாதங்களில், ஆலை முழு உற்பத்தியில் இருக்கும்போது மின்வாரியத்தின் லைன் திடீரென டிரிப் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரைப் பிடித்து வைத்திருந்த சுமை அந்தக் கணமே நீங்கிவிடுகிறது, காற்றோ குறையவில்லை, ஆகவே இறக்கைகளின் வேகம் சில நொடிகளில் அபாய எல்லைக்கு ஏறிவிடும். பிரேக் பிடிப்பதற்கே மின்சாரம் வேண்டும் என்ற நிலை இருந்தால், மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது இருக்காது.

இதனால்தான் பழைய ஆலைகள் பலவற்றில் இறக்கையின் நுனித் துண்டை ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த அழுத்தத்தைக் காக்கும் சோலனாய்டு வால்வு (மின்காந்தத்தால் இயங்கும் வால்வு), மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே மூடியிருக்கும். மின்சாரம் போனதும் வால்வு திறந்து, எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப, சுழற்சியின் மையவிலக்கு விசையே நுனியை வெளியே தள்ளித் திருப்பி வேகத்தை அடக்கிவிடும். டிஸ்க் பிரேக்கிலும் இதே ஏற்பாடுதான்: ஸ்பிரிங் அழுத்துகிறது, எண்ணெய் விலக்கி வைக்கிறது. வால்வை மாற்றும்போது, மின்சாரம் கொடுத்தால் திறக்கும் வகையைத் தவறிப் பொருத்திவிட்டால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் தலைகீழாகிவிடும் என்பதால், அந்த ஒரு பாகத்தை நீங்களே நின்று சரிபாருங்கள்.

அவசர நிறுத்தப் பொத்தான், வேகம் எல்லை மீறினால் செயல்படும் ரிலே, அதிர்வு சுவிட்ச் ஆகியவற்றின் காண்டாக்டுகள் (மின் தொடுமுனைகள்) இயல்பில் மூடியிருந்து, ஒரே தொடராக இணைந்து, பிஎல்சியின் வழியே செல்லாமல் நேரடியாக அந்த வால்வின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அப்போது எலி கடித்து வயர் அறுந்தால்கூட ஆலை நின்றுவிடும். சில மணி நேர உற்பத்தி போகலாம், ஆலை மிஞ்சும்.

இரண்டாவது பிஎல்சிக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டாவது வேக உணரி ஒன்றை வாங்குங்கள். மெதுவாகச் சுழலும் பிரதான அச்சில் ஒன்றும், கியர்பாக்ஸுக்கு அப்பால் ஜெனரேட்டர் அச்சில் ஒன்றுமாக அமைத்தால், இரண்டின் விகிதம் கியர் விகிதத்தோடு ஒத்துப்போகாத கணத்தில் உணரியோ இடையிலுள்ள இணைப்போ கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும். காற்றுக்காலம் தொடங்கும் முன், மிதமான காற்றில், தகுதியுள்ள பொறியாளர் முன்னிலையில் கட்டுப்பாட்டு மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்து ஆலை நிற்கிறதா என்று பார்ப்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கடற்கரையோரம் உள்ள எங்கள் ஐஸ் தொழிற்சாலையில் சூரிய மின்சாரத்தையும் டீசல் ஜெனரேட்டரையும் இணைக்கும் பேனல் அடிக்கடி தவறான அளவுகளைக் காட்டுகிறது. வெளியே பார்த்தால் பேனல் புதிது போலவே இருக்கிறது.
- வாசகர், குளச்சல்

பதில்: பேனலுக்குள் வயர்கள் இணையும் டெர்மினல் ஸ்ட்ரிப்பில், மின்சாரத்தை முழுவதும் நிறுத்திய பிறகு, ஒரு திருகைத் தளர்த்தி வயரின் நுனியைப் பாருங்கள், செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் காரணம் அதுதான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் வயரில் படிந்த கடல் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். பகலில் சூடேறிய பேனல் இரவில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, கேபிள் நுழையும் இடுக்குகள் வழியாகக் கடற்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே கேபிள்கள் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். பயன்படாத துளைகளை அடைக்க வேண்டும். வயர் நுனியில் பொருத்தும் லக்குகள் வெள்ளீயம் பூசிய செம்பாகவே இருக்க வேண்டும். சிறு ஹீட்டர் ஒன்று இரவு முழுவதும் எரிய வேண்டும். ஐபி65 என்ற முத்திரை தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாது என்பதற்கே உறுதி; உப்பு அரிப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

உங்கள் உணரிகள் 0 முதல் 10 வோல்ட் வரை தருபவையா என்றும் பாருங்கள். அவற்றில் அளவு உண்மையிலேயே பூச்சியமா, வயர் அறுந்துவிட்டதா என்று பேனலால் பிரித்தறிய முடியாது. 4 முதல் 20 மில்லி ஆம்பியர் முறையில் மிகக் குறைந்த அளவுக்கும் 4 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், அதற்கும் கீழே இறங்கினால் அது பழுது என்று உடனே எச்சரிக்கை கொடுக்கலாம். கடலோர உணரிகளுக்கு நான் பரிந்துரைப்பது இந்த முறையை மட்டுமே.

கேள்வி: வீட்டுக் கூரையில் சோலார் வைத்திருக்கிறோம். நல்ல வெயிலிலும் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. இது வடிவமைப்புக் குறையா?
- வாசகி, குலசேகரம்

பதில்: இல்லை, அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. மின்வாரியத்தின் லைன் செத்ததும் உங்கள் இன்வெர்ட்டரும் ஓரிரு நொடிகளில் விலகிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் உங்கள் வீட்டு மின்சாரம் கம்பி வழியே வெளியேறி, லைனில் வேலை செய்பவரைத் தாக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் சாய்த்த கம்பங்களை நிமிர்த்த லைன்மேன்கள் நாள் கணக்கில் கம்பிகளுக்கிடையே நின்றதை நினைத்துப் பாருங்கள். மின்வெட்டிலும் விளக்கெரிய வேண்டுமானால் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரை வாங்கி, மின்வாரியத்தின் இணைப்பிலிருந்து வீடு முழுவதுமாகப் பிரிந்த பிறகே பேட்டரி மின்சாரம் வரும்படி இன்டர்லாக் (இரண்டு இணைப்பும் ஒருசேர வராமல் தடுக்கும் பூட்டு) உள்ள சேஞ்ச்ஓவர் சுவிட்சை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திக்கொள்ளுங்கள்.