சின்ன வயதில் சுற்றுலா போன இடத்துக்கு இப்போது பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா? போனால் ஏமாற்றம்தான் மிஞ்சுமா?

கேள்வியைப் படித்ததும், நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை போய்விட்டு வந்துதான் கேட்கிறீர்கள் என்று தோன்றியது. வண்டியை விட்டு இறங்கியிருப்பீர்கள், துருப்பிடித்த ஊஞ்சல் கண்ணில் பட்டிருக்கும், பிள்ளை "இவ்ளோதானாப்பா?" என்று கேட்டிருக்கும். அந்தக் கேள்வியை நானும் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு அந்த இடம் வைகை அணைப் பூங்கா. பக்கத்திலேயே கொடைக்கானல் இருக்க, அணையில் போய் என்ன பார்ப்பது என்று கேட்பவர்கள் உண்டு. நான் பரமக்குடிக்காரன். எங்கள் ஊரில் வைகை என்றால் மணல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆற்றுக்குள் இறங்கிப் பந்து விளையாடுவோம். கோடையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புவாள் அம்மா. சித்திரைத் திருவிழாவில் எங்கள் ஊர் அழகரும் ஆற்றில் இறங்குவார். பல வருடம் அவர் இறங்கியதும் வெறும் மணலில்தான்.

எண்பதுகளின் கடைசி. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்குத் தறி வேலை. தீபாவளி முடிந்தால் தறியில் கொஞ்ச நாள் வேலை மந்தமாக இருக்கும். அந்த இடைவெளியில் நாலு வீட்டுக்காரர்கள் பணம் போட்டு ஒரு மட்டடார் வேன் பிடித்தார்கள். பெரியவர்களும் பிள்ளைகளுமாக இருபத்திரண்டு பேர். புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் தூக்குவாளிகளில் வந்தன. மதுரை தாண்டியதும் நாகமலை கூடவே வந்தது. செக்கானூரணி, உசிலம்பட்டி, அப்புறம் கணவாய். ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டியில் அப்பாவுக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் வீடு இருந்தது. எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார்கள். அப்பா நேராகப் போய்த் தறியில் ஏறியிருந்த சேலையின் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

அணைக்கரையில் ஏறியதும் நான் வாயடைத்து நின்றுவிட்டேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். "இது எல்லாமே வைகையாப்பா?" என்றேன். "ஆமா" என்றார். "அப்ப நம்ம ஊருக்கு ஏன் வரல?"

கூட வந்தவர்கள் யாரும் பேசவில்லை. அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை, 1895இலிருந்து நிற்கிறது. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்து, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகையில் சேர்கிறது. அதைத் தேக்கி வைக்கத்தான் இந்த அணை, 1959இல் காமராசர் திறந்தது. திறந்துவிட்டால் மதுரை, மேலூர் என்று ஒவ்வொருவராக எடுத்தபிறகு நம் பக்கம் வரும். "பந்தியில நமக்குக் கடைசி இலைப்பா. சாம்பார் வாளி வர்றதுக்குள்ள காலியாயிரும்" என்றார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த மனிதர். இதைவிடத் தெளிவாக எனக்குப் பாசனத்தைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பொழுது சாய்ந்ததும் பூங்கா முழுக்க விளக்குப் போட்டார்கள். எங்கள் தெருவில் சீரியல் பல்பு எரிவது முத்தாலம்மன் திருவிழாவுக்கு மட்டும்தான். இங்கே நீரூற்று சிவப்பாக எழும்பி, பச்சையாகி, மஞ்சளாகி விழுந்தது. நான் கையை நீட்டி நனைத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாயத் தண்ணீர் பட்டால் கையில் நிறம் ஏறும் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளை நான். கை வெறும் கையாகவே இருந்தது. அந்த ஆச்சரியம் இன்னும் எனக்குப் போகவில்லை.

மைசூர் பக்கம் கிருஷ்ணராஜ சாகர் அணைக்குக் கீழே பிருந்தாவனப் பூங்கா இருக்கிறதல்லவா, அதைப் பார்த்துத்தான் இங்கேயும் அணைக்குக் கீழே பூங்கா போட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வைகை அணைப் பூங்காவுக்கே சின்ன பிருந்தாவனம் என்று பெயர். பவானிசாகர் 1955, சாத்தனூர் 1958, வைகை 1959. அந்த வரிசையில் வந்த அணைகளுக்கெல்லாம் பூங்காவும் உண்டு. மைசூருக்குப் போகக் காசில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் மைசூர். அதை "போரான இடம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

சரி, இப்போதைய கதை. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. தறியை விட்டு வெகு காலம் ஆகிவிட்டது. காலையில் பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது அணைகளின் நீர்மட்டம் போடுகிற மூலையைத்தான். வைகைக்கு முழு அளவு 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்தையும் சொல்லி எச்சரிப்பார்கள். கடைசியில் வருகிற பெயர் எங்களுடையது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் போன் செய்தார். "ஏப்பா, அறுபத்தாறு ஆயிருச்சு. இந்த வருசம் நெறையும். பாப்பாவைக் கூட்டிட்டு வா, போய்ப் பாத்துட்டு வருவோம்." நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வார இறுதியில் ஊருக்குப் போய், அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் நான் நீரூற்றைப் பற்றியே பேசிக்கொண்டு போனேன். அதுதான் நான் செய்த தவறு.

நாங்கள் போன அன்று நீரூற்று ஓடவில்லை. சறுக்கு மரத்தில் தகரம் பெயர்ந்திருந்தது. சிமென்ட் பொம்மைகளுக்கு வர்ணம் போயிருந்தது. கழிப்பறையைத் தேடி நானும் அப்பாவும் வெகுநேரம் நடந்தோம். அவருக்கு முழங்கால் வலி. அப்போதுதான் மகள் "இவ்ளோதானாப்பா?" என்றாள். அவள்மேல் குற்றமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய தீம் பார்க்குக்குப் போய்வந்தவள் அவள். ஆனால் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

யார் பொறுப்பு என்று பெயர் சொல்லிச் சண்டை போட நான் வரவில்லை. பழையதெல்லாம் பொன் என்று சொல்லவும் வரவில்லை. அணையிலேயே தண்ணீர் இல்லாத வருடங்களில் புல்லுக்கு ஊற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். கையில் காசு வந்ததும் மக்கள் மூணாறுக்கு நேராக வண்டியை விடுகிறார்கள், அதுவும் தெரியும். ஆனால் குறைந்த காசில் ஒரு குடும்பம் முழுநாளும் உட்கார்ந்திருக்கக்கூடிய இடம் இன்னும் எத்தனை பாக்கி இருக்கிறது? அதைப் பராமரிப்பது ஒரு செலவா?

திரும்பி வரும் வழியில் இன்னொன்று நடந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாலையோரம் "அசல் கைத்தறி" என்று பலகை வைத்த கடையில் நிறுத்தினோம். அப்பா ஒரு சேலையைப் பிரித்து, கரையை விரலால் ஒரு முறை தடவினார். மடித்து வைத்துவிட்டு எழுந்தார். விசைத்தறிச் சேலை. எங்கள் ஊரில் பிள்ளைகள் ஊடை நூலைத் தாரில் சுற்றி, பெண்கள் பாவு நூலை இழை இழையாகப் புணைத்து, ஒரு மனிதன் நாள் கணக்கில் தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வதைக் கைத்தறி என்று சொல்கிறோம். அந்தப் பெயரை எடுத்து எதன்மேல் வேண்டுமானாலும் ஒட்டுகிறார்கள். கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று சில துணி ரகங்களை ஒதுக்க 1985இலேயே சட்டம் போட்டாயிற்று. தயவுசெய்து, கைத்தறிச் சேலை எடுப்பதானால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுங்கள். பலகையை நம்பாதீர்கள்.

கேள்விக்கு வருகிறேன். பூங்காவிலிருந்து வெளியே வந்ததும், நீர்த்தேக்கம் தெரிகிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். மலை வரைக்கும் தண்ணீர், காற்றில் நுரை தட்டிக்கொண்டு. அப்பா என்னிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னார். பெரியாறு, மலைக்குள் குடைந்த வழி, கடைசி இலை. அவள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டாள். "அப்ப நம்ம இலைக்கு எப்ப தாத்தா வரும்?" என்றாள். "அறுபத்தொம்பது ஆகட்டும் தாயி" என்றார். பூங்காவில் ஒரு மணி நேரம்கூட நிற்காதவள், அங்கே இருட்டும் வரை இருந்தாள். பக்கத்தில் வறுத்த கட்லா மீன் வாங்கித் தின்றோம்.

அந்த வருடம் மூன்றாவது எச்சரிக்கையும் விட்டார்கள். தண்ணீர் திறந்து சில நாள் கழித்து, விடிந்தும் விடியாததுமாக வீடியோ அழைப்பு. பரமக்குடி பாலத்தின் மேல் நின்றுகொண்டு அப்பா போனை ஆற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். செம்மண் நிறத்தில் தண்ணீர், பாதி ஆறு அகலத்துக்கு. மகள் தூக்கக் கலக்கத்தோடு போனைப் பிடுங்கிக்கொண்டாள். "தாத்தா, இது நாம பாத்த தண்ணியா?" "அதேதான் தாயி. வந்துருச்சு பாரு."

அதனால் கூட்டிப்போங்கள். உங்களுடையது எந்த இடமோ எனக்குத் தெரியாது. அணையாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள், நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீரூற்று, விளக்கு என்று முன்கூட்டியே ஆசை காட்டாதீர்கள். சோறு கட்டிக்கொண்டு போங்கள். உங்களை முதலில் அங்கே கூட்டிப்போனவர் இருந்தால், முழங்கால் வலி என்றாலும் அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். முன் சீட்டில் உட்காரவைத்தால் காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.