சி. சுப்பிரமணியம் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம் சுத்த வெள்ளியா, ப்ரூஃபா என்று எப்படிப் பார்ப்பது?

பொள்ளாச்சியில் ஒருத்தர் இந்த நாணயத்தை “சுத்த வெள்ளி, ப்ரூஃப்” (சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடிப் பளபளப்போடு தனியாக அடிக்கும் நாணயம்) என்று சொல்லி விற்கிறார், நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கீங்க.

முதல் பாதி கண்டிப்பாகத் தப்புங்க. பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்து மத்திய அமைச்சராக இருந்த சி.எஸ். (சி. சுப்பிரமணியம்) அவர்களுக்காக 2010-ல் வெளியான அந்த 100 ரூபாயில் பாதிதான் வெள்ளி. வெள்ளி 50 சதம், செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. விட்டம் 44 மி.மீ., எடை 35 கிராம். ஆக உள்ளே இருக்கும் வெள்ளி பதினேழரை கிராம். அதை முழு வெள்ளியாகக் கணக்குப் போட்டு விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க. கூடவே வந்த 5 ரூபாய் வெறும் நிக்கல் பித்தளை: 23 மி.மீ., 6 கிராம், மஞ்சள் நிறம்.

இரண்டாவது, ப்ரூஃபா என்பது. உலோகத்துக்கு முன்னால் இதைப் பாருங்க. காரணம், உலோகச் சோதனைக்குத் தண்ணீர் வேண்டும்; ப்ரூஃபைத் தண்ணீரில் போடவே கூடாது. ஒரு துளி காய்ந்தாலும் கறை நிற்கும்.

அறையில் ஒரே ஒரு பல்பு போதும், டியூப் லைட் வேண்டாம். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து மெதுவாகச் சாய்க்கவும். யுஎன்சி (புழக்கத்துக்குப் போகாத சாதாரண அடிப்பு நாணயம்) என்றால் வெளிச்சம் நடுவிலிருந்து ஆரங்களாகப் பிரிந்து, சாய்க்கச் சாய்க்கச் சுற்றி வரும். அடிக்கும்போது உலோகம் வெளிப்பக்கமாக ஓடிய நுண்வரிகளால் வருவது அது. ப்ரூஃபில் அந்தச் சுழற்சி கிடையாது. மெருகேற்றிய தகட்டை மெருகேற்றிய அச்சில் வைத்து ஒரு தடவைக்கு மேல் அழுத்துவதால், தளம் (படமும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்பு) கறுத்த கண்ணாடி மாதிரி நிற்கும். தினத்தாள் எழுத்தை ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் பிம்பத்தில் படிக்கலாம். முகமும் எழுத்தும் வெண்பனி படிந்ததுபோல் மங்கலாக இருக்கும். எழுத்தின் ஓரம் கூர்மையாக, தளத்தோடு சேரும் இடம் சதுரமாக இறங்கும்.

ஏமாற்று நடப்பது இங்கேதான். சாதாரண யுஎன்சியை பஃபிங் வீலில் (மெருகேற்றும் சக்கரத்தில்) கொடுத்துப் பளபளப்பாக்கி ப்ரூஃப் என்று விற்கிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மறைக்க முடியாது. முகத்தின் உயரமான இடங்களும் சேர்ந்தே மின்னும், மூக்கு, காது, முடி வரிகள் வழவழவென்று கரைந்திருக்கும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் வீல் எட்டாமல் மங்கலாக விட்டுப்போயிருக்கும். கோடுகள் எல்லாம் ஒரே திசையில் எழுத்தின் மேலேறி இறங்கும். அச்சை மெருகேற்றியதால் வரும் கோடு தளத்தில் மட்டும் இருக்கும், எழுத்தின் மேல் ஏறாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் பெட்டியும் சான்றிதழும் உங்களை அசைக்காது. மும்பையில் அடித்ததாக இருந்தால் ஒரு துணைச் சான்றும் உண்டு: ப்ரூஃபில் பொதுவாக ஆண்டுக்குக் கீழே M என்ற எழுத்து, மற்றதில் டைமண்ட் வடிவக் குறி.

ப்ரூஃப் இல்லை என்று தெரிந்தால் உலோகத்துக்குப் போகலாம். முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு வகை, அதோடு முடிந்தது. ஒட்டாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது. குப்ரோ நிக்கலும் (செம்பும் நிக்கலும் கலந்தது) பித்தளையும்கூட ஒட்டாது. எடை 35 கிராம் சரியாக இருப்பதும் போதாது, தடிமனைக் கூட்டி எடையைக் கொண்டுவந்துவிடலாம். கன அளவுதான் பேசும்.

0.01 கிராம் காட்டும், 500 கிராம் தாங்கும் நகைத் தராசு எடுங்க. 200 கிராம் தராசில் தண்ணீர் டம்ளரே பாரம் ஆகிவிடும். அகலமான பிளாஸ்டிக் டம்ளரில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பூக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடவும். டம்ளரைத் தராசில் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, மெல்லிய தூண்டில் நரம்பில் நாணயத்தைக் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் முழுக்க முக்கவும். தராசு காட்டும் எண்தான் கன அளவு, கன செ.மீ.யில்.

35 கிராமுக்கு 3.67 சுற்றி வந்தால் பாதி வெள்ளிக் கலவைதான். 3.9 என்றால் குப்ரோ நிக்கல், 4.1 என்றால் முலாம் பூசிய பித்தளை, 5-ஐத் தாண்டினால் துத்தநாக வார்ப்பு. 3.67-க்கும் 3.9-க்கும் இடைவெளி சின்னது. எழுத்து இடுக்கில் ஒட்டிய காற்றுக்குமிழே கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் எடுத்து, மறுபடி முக்கி, மூன்று தடவை ஒரே எண் வருகிறதா பாருங்க. எண் எகிறிக் குதித்தால் அடியைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். முடிந்ததும் பருத்தித் துணியில் ஒற்றி எடுக்கணும், தேய்க்கக் கூடாது.

கோயமுத்தூர் பெரிய கடை வீதியிலோ சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ டச் மெஷினில் (உலோகம் எத்தனை சதம் என்று எக்ஸ்ரேயில் காட்டும் கருவி) வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். பார்க்கலாம், ஆனால் அது மேல்தோலை மட்டும்தான் படிக்கும். கெட்டியாக வெள்ளி முலாம் போட்டிருந்தால் 90-க்கு மேலேயே காட்டும். இந்த நாணயத்துக்கு 50-ஐ ஒட்டி வராமல் 95, 98 என்று வந்தால் சந்தோசப்படாதீங்க. விளிம்பின் பல் வரிகளில் முலாம் தேய்ந்து மஞ்சளோ சிவப்போ தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்க.