கிராப்பி மீன் கொத்தியும் கைக்கு வராமல் நழுவுவது ஏன்?

ஈயத் தலை வார்த்த முள்ளில் கோத்த செயற்கை இரையான ஜிக்கை, கிராப்பி என்ற வட அமெரிக்க நன்னீர் மீன் கொத்துகிறது, கோலில் கனமும் தெரிகிறது, ஆனால் படகை நெருங்குவதற்குள் பல மீன்கள் நழுவிவிடுகின்றன. குறை முள்ளிலா, கொத்தியதும் முள் ஏறுவதற்காகக் கோலைச் சுண்டும் கையிலா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டிலும் இருக்கும். ஆனால் முள்ளை முதலில் சரிசெய்துகொண்டால் கையைத் திருத்துவது எளிதாகிவிடுகிறது என்பது என் அனுபவம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் டாலஸுக்குக் கிழக்கே உள்ள லேக் ஃபோர்க் நீர்த்தேக்கத்தில் நான் கிராப்பிக்குத் தூண்டில் போடத் தொடங்கிய காலத்தில், பாஸ் மீனுக்குச் சுண்டுவதைப் போலவே கோலைத் தலைக்கு மேல் வேகமாக ஓங்கி இழுத்துக்கொண்டிருந்தேன். வெறும் ஜிக்கே மேலே வரும். சில நேரம் அதன் முள்ளில் மெல்லிய தோல் துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கும். அந்தத் துணுக்கைப் பார்த்த பிறகுதான் நான் என்ன தவறு செய்கிறேன் என்பது புரிந்தது.

கிராப்பிக்கு அமெரிக்கத் தூண்டில்காரர்களிடையே ‘காகித வாய்’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. அடுத்த முறை ஒன்றைப் பிடிக்கும்போது அதன் வாயை மெதுவாகத் திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உதட்டுக்குப் பின்னால் இருபுறமும் விரியும் சவ்வு ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருக்கும். முள் அந்தச் சவ்வில் ஏறினால், மீன் ஒவ்வொரு முறை திமிறும்போதும் துளை நீண்டுகொண்டே போகும். தூண்டில் நரம்பு ஒரு கணம் தொய்ந்தாலும் முள் தானாகவே கழன்றுவிடும். வாயின் மேற்பக்கத்தின் நடுவில், உதட்டை ஒட்டிய பகுதி மட்டுமே சற்று உறுதியானது. எனவே அந்த இடத்தை முள் எட்ட வேண்டும், எட்டியதும் அதிக விசையின்றி உள்ளே ஏற வேண்டும். நாம் செய்யும் எல்லா மாற்றங்களும் இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில் முள்ளின் வாய் அகலத்தைக் கவனியுங்கள். அதாவது முள்ளின் தண்டுக்கும் நுனிக்கும் இடையே உள்ள வெளி. கடையில் வாங்கும் சிறிய ஜிக்குகளில், குறிப்பாக அவுன்ஸில் 32இல் ஒரு பங்கு எடையுள்ளவற்றில், 6 அல்லது 8 எண் முள் இருப்பது வழக்கம் (எண் குறையக் குறைய முள் பெரிது). அதில் 2 அங்குல நீளமுள்ள தடித்த பிளாஸ்டிக் புழுவைக் கோத்தால் அந்த வெளியில் பெரும்பகுதி அடைபட்டுவிடுகிறது. மீன் பிளாஸ்டிக்கைக் கவ்வுகிறதே தவிர, முள்நுனி சதையைத் தொடுவதே இல்லை. நான் அதே எடையில் 4 அல்லது 2 எண் முள் வார்க்கப்பட்ட ஜிக்குக்கு மாறிய பிறகு நழுவல் கண்கூடாகக் குறைந்தது. பெரிய முள்ளைப் பார்த்து மீன் மிரளும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கிராப்பியின் வாய் அதன் உடலளவுக்கு மிகப் பெரியது. 10 அங்குல மீன்கூட 2 எண் முள்ளை எளிதாக உள்ளிழுத்துவிடும்.

கைவசம் இருக்கும் ஜிக்குகளை மாற்ற விருப்பமில்லை என்றால், குறட்டால் முள்நுனியை மிகச் சிறிதளவு, 10 பாகைக்கு மேல் போகாமல், வெளிப்புறமாக விரித்துக்கொள்ளுங்கள். அபர்டீன் என்று அழைக்கப்படும் மெல்லிய கம்பி முட்களில் இதை எளிதாகச் செய்யலாம். மேலும் விரித்தால் பிடி தளர்ந்து மீன் வழுக்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மெல்லிய கம்பிக்கு வேறு இரண்டு நன்மைகளும் உண்டு: தடித்த கம்பியைவிடக் குறைந்த விசையில் சதைக்குள் ஏறுகிறது, நீரில் மூழ்கிய மரக்கிளையில் சிக்கினால், நிதானமாக இழுக்கும்போது முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடுவதால் ஜிக் மிஞ்சுகிறது. லேக் ஃபோர்க்கில் அணை கட்டியபோது வெட்டாமல் விடப்பட்ட மரங்கள் நீருக்குள் நிற்பதால், இது எனக்குப் பெரிய வசதி. ஆனால் ஒரே முள்ளை இரண்டு மூன்று முறை நிமிர்த்தி வளைத்த பிறகு கம்பி களைத்துப்போகும். அதைத் தயங்காமல் தூக்கிப் போட்டுவிடுவேன். வளைவு வட்டமாக இல்லாமல் அரிவாள்போல் கோணமாக அமைந்த முட்களும் கிடைக்கின்றன. மீன் அந்தக் கோணத்துக்குள் வந்து தங்கிவிடுவதால் திமிறும்போது எளிதில் கழல்வதில்லை. இன்று நான் பெரும்பாலும் இவற்றையே பயன்படுத்துகிறேன்.

கூர்மை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முள்நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் எடையின்றி வைத்து இழுத்துப் பாருங்கள். பற்றிக்கொண்டால் நல்லது, வழுக்கினால் மெல்லிய அரத்தால் நுனியை நோக்கி இரண்டு மூன்று முறை தீட்டுங்கள் அல்லது ஜிக்கை மாற்றுங்கள். மரத்திலோ பாறையிலோ ஒருமுறை உரசியிருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

முடிச்சும் முள்ளோடு சேர்ந்ததுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நேர்க்கீழாகத் தூண்டில் போடும்போது, நரம்பு கட்டும் வளையமான கண் தண்டுக்கு 90 பாகையில் அமைந்த ஜிக்கில், அந்தக் கண்ணின் நடு உச்சியில் முடிச்சு நின்றால்தான் ஜிக் நீரில் கிடைமட்டமாகத் தொங்கும். ஒரு மீனைப் பிடித்ததும் முடிச்சு முன்னோக்கி நகர்ந்துவிடும். பிறகு வால்பக்கம் தாழ்ந்து ஜிக் செங்குத்தாகத் தொங்கத் தொடங்கும். கிராப்பி பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கி வந்து இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. கிடைமட்டமாக நிற்கும் ஜிக் இயல்பான சிறு மீன்போல் தெரிவதோடு, மேல்நோக்கிய முள்நுனி வாயின் மேற்பகுதியை எட்டவும் வாய்ப்பு கூடுகிறது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சை விரலால் தள்ளி இடத்தில் வைப்பது இப்போது எனக்குப் பழகிப்போய்விட்டது.

இனி சுண்டுவதைப் பற்றி. கொத்து எப்போதும் ‘டக்’ என்று வராது. பல நேரங்களில் மீன் ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு மேலே எழும், அப்போது நரம்பு இழுபடுவதற்கு மாறாகத் தொய்யும். அந்தத் தொய்வையும் கொத்தாகவே கொள்ள வேண்டும். அது கண்ணுக்குத் தெரிவதற்காகவே நான் மஞ்சள் நிற நரம்பைப் பயன்படுத்துகிறேன். கொத்து தெரிந்ததும் தோளையும் முழங்கையையும் அசைக்காமல், மணிக்கட்டை மட்டும் மேல்நோக்கித் திருப்பி, கோலின் நுனி ஆறு அங்குலம் முதல் ஓர் அடி வரை உயருமாறு விரைவாகச் சுண்டினால் போதும். முள் கூர்மையாக இருந்தால் அதற்கு மேல் தேவைப்படாது. தக்கை கட்டியிருந்தால் முதலில் தொய்வை ரீலில் சுற்றி எடுத்துவிட்டுச் சுண்டுங்கள். தொய்வோடு சுண்டினால் விசை தக்கையோடு நின்றுவிடும். ஓடும் படகின் பின்னால் ஜிக்கை இழுத்துச் செல்லும்போது சுண்டவே வேண்டாம், படகின் ஓட்டத்திலேயே முள் ஏறிவிடும். கோலை எடுத்து ஒரே சீராகச் சுற்றுங்கள்.

சுண்டிய பிறகு நழுவவிடுவதுதான் அதிக வேதனை தருகிறது. நுனி நன்றாக வளையும் 10 அடிக் கோலும், 6 பவுண்டு இழுவை தாங்கும் மோனோ என்ற ஒற்றை இழை நைலான் நரம்பும் சேர்ந்து மீனின் திமிறலைத் தாங்கிக்கொள்கின்றன. பின்னல் நரம்பு ஏறக்குறைய நீளவே நீளாது என்பதால், அதைப் பயன்படுத்துபவர்கள் மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் இறுக்கத்தை மேலும் தளர்த்திக்கொள்ள வேண்டும். நரம்பு தொய்யாமலும் வேகம் காட்டாமலும் மீனை அருகில் கொண்டுவாருங்கள். படகின் ஓரத்தில் மீனின் முழு எடையையும் நீர் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை நரம்பால் காற்றில் தூக்கும் கணத்தில் அத்தனை எடையும் அந்தச் சவ்வின்மேல் விழுகிறது. எனவே நீண்ட கைப்பிடி கொண்ட வலையை நீருக்குள் முன்கூட்டியே இறக்கி வைத்து, மீனை அதன்மேல் நடத்தி வந்து அள்ளுங்கள்.

டெக்ஸாஸில் பொதுவாக 10 அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியைத் திரும்ப விட வேண்டும். லேக் ஃபோர்க்கிலோ டிசம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை நீள வரம்பு கிடையாது, மாறாகப் பிடித்த ஒவ்வொரு கிராப்பியும் நாளொன்றுக்கு 25 மீன் என்ற வரம்பில் சேரும், எதையும் விட அனுமதியில்லை. ஆழத்திலிருந்து மேலே வந்த மீன்களை விட்டாலும் அவற்றில் பல பிழைப்பதில்லை என்பதால் வந்த விதி அது. மற்ற மாதங்களில் சிறிய மீனை விடும்போது, வாய் கிழியாமல் முள் ஏறிய வழியிலேயே திருப்பி எடுத்து, கையை ஈரப்படுத்திக்கொண்டு நீருக்குள்ளேயே விடுங்கள்.