மூன்றாவது முடிச்சு

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கும் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை தேயும் நோய்) இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். எனக்கு வயது 34. நான்கு வருடம் முன்பு இடது கண் மங்கியது. கண்ணாடிக் கடையில் பவர் கூடிவிட்டது என்றார்கள். ஆறு மாதம் கழித்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனபோதுதான் ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடித்தார்கள். இப்போது மருந்தில் இருக்கிறேன். நடக்கிறேன், சமைக்கிறேன், பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விரல் நுனிகளில் உணர்வு குறைவு. மதியத்துக்கு மேல் உடம்பு அப்படியே உட்கார்ந்துவிடும்.

வைகாசியில் மதுரையில் என் தம்பிக்குக் கல்யாணம். நான் ஒரே அக்கா. மூன்றாவது முடிச்சு நான்தான் போட வேண்டும். அத்தனை பேர் முன்னால் முடிச்சு நழுவிவிட்டால் என்ன ஆகும்? போன மாதம் ஒரு சடங்கு வீட்டில் நான் நாற்காலியை விட்டு எழவில்லை என்று, “வயசானவங்க நிக்கிறாங்க, சின்னப் பொண்ணு சட்டமா உக்காந்திருக்கா” என்று பெரியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கல்யாணம் முடியும்வரை பெண் வீட்டாருக்கு எதுவும் தெரியக் கூடாது என்கிறார் அம்மா. பரம்பரை வியாதி என்று நினைத்துவிடுவார்களாம். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது. நீங்கள் விசேஷங்களுக்குப் போகிறீர்களா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

போகிறேன். ஆனால் முழுசாகப் போவதில்லை. பத்து வருடமாக எந்தக் கல்யாணத்தையும் நான் முழுசாகப் பார்த்ததில்லை. ரிசப்ஷனுக்குப் போனால் முகூர்த்தத்துக்கு இருக்க மாட்டேன், தாலி கட்டுவதைப் பார்த்தால் பந்திக்கு நிற்க மாட்டேன். எதற்காகப் போகிறோம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் கிளம்புவது. இதை ஒரு அவமானம் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

நோய் தெரிந்து இரண்டாவது வருடம். திருநெல்வேலிப் பக்கம் மாமா மகள் கல்யாணம், சித்திரைக் கடைசி, அக்னி நட்சத்திரம். தாலி கட்டியது கோயிலில். மண்டபம் இரண்டு தெரு தள்ளி. மேளம் முன்னால் போக எல்லோரும் நடந்தோம். மணி பத்து இருக்கும். பாதித் தெருவில் வலது கால் இழுக்க ஆரம்பித்தது. யார் தோளையாவது பிடித்துக்கொள்ளலாம் என்றால் கூச்சம். சுவரோரமாகப் போய்ச் சமாளித்துக்கொண்டே மண்டப வாசலுக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஓடிவந்து, “மாமா, உங்க செருப்பு” என்று ஒற்றைச் செருப்பை நீட்டினாள். குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. அந்தத் தார் ரோட்டில் எவ்வளவு தூரம் வெறுங்காலோடு வந்தேன் என்றும் தெரியவில்லை. மறுநாள் உள்ளங்காலில் கொப்புளம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர், “காலையிலேயே ஏத்திட்டாரு போல” என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அது பரவாயில்லை. ராத்திரி ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அப்பா மெதுவாக, “நெசமாவே குடிச்சிருந்தியா?” என்று கேட்டார்.

அப்பாவுக்கு என் நோயின் பெயர் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவரும் அவர்தான். ஆனால் காலையில் நன்றாக நடந்தவன் பத்து மணிக்கு எப்படித் தள்ளாடுவான் என்பது அவருக்கு விளங்கவில்லை. நம் நோயில் மற்றவர்களுக்குப் புரியாத இடம் இதுதான். உங்கள் பெரியம்மாவுக்கும் அதேதான். அவர் கெட்டவர் இல்லை, பார்த்ததை வைத்துப் பேசுகிறார்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், வைகாசியில் உங்களுக்கு உதவும். வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், உடம்பை வருத்தி வேலை செய்தால் இந்த நோயாளிகள் சிலருக்குப் பார்வை மங்குகிறது, ஓய்வெடுத்தால் திரும்பிவிடுகிறது என்று 1890-இல் எழுதிவைத்தார். உழைப்பால் அல்ல, உடம்புச் சூடு ஏறுவதால்தான் அப்படி ஆகிறது என்பது பிறகு தெரிந்தது. நரம்பின் மேலுறை தேய்ந்த இடத்தில் சேதி ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடம்பு அரை டிகிரி சூடானாலே அதுவும் நின்றுவிடலாம். எம்.ஆர்.ஐ. வராத காலத்தில், சந்தேகப்பட்டவர்களை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி வருகிறதா என்று பார்ப்பார்களாம். அவர்களுக்குத் தொட்டி, நமக்கு வைகாசி மண்டபம்.

நல்ல செய்தி, சூடு தணிந்தால் போனது பெரும்பாலும் திரும்பிவிடும். அது நோயின் புதிய தாக்குதல் இல்லை. காய்ச்சல் எதுவும் இல்லாமல், புதிதாக வந்த ஒரு தொந்தரவு ஒரு நாள் முழுக்க விடாமல் இருந்தால்தான் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். இது தெரியாத காலத்தில் ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் கால் போய்விட்டது என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

அதனால் முதல் நாள் ரிசப்ஷனை விட்டுவிடுங்கள். மேடையில் போகஸ் லைட் சூடு, போட்டோவுக்கு வரிசை, காதைப் பிளக்கிற பாட்டுக் கச்சேரி. அங்கே மூன்று மணி நேரம் நின்றால் மறுநாள் காலைக்கு உங்களிடம் எதுவும் மிச்சமிருக்காது. நம் தெம்பு கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரி, எந்தப் பந்தியோடு தீரும் என்று சமையல்காரருக்கே தெரியாது. உங்களுக்கு வேண்டியது முகூர்த்தம் ஒன்றுதான். அது காலையிலேயே அமைந்தால் உங்களுக்கு நல்லது. சூடும் குறைவு, நீங்களும் அப்போதுதான் தூங்கி எழுந்திருப்பீர்கள். முதல் நாள் மாலையே மண்டபத்து அறைக்குப் போய்ப் படுத்துவிடுங்கள். ஏசி உள்ள அறையாகக் கேளுங்கள், மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிறதா என்று வீட்டுக்காரரை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள். அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். நான் இருந்திருக்கிறேன், அது இன்னொரு கதை.

கனமான பட்டு வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சண்டை போட்டு முடித்துவிடுங்கள். அன்று காலையில் சண்டை போடவும் தெம்பு இருக்காது.

இனி அந்த முடிச்சு. உங்கள் கடிதத்தில் உங்களை உண்மையில் உறுத்துவது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒரு மஞ்சள் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் நாற்காலி முதுகில் சுற்றிக் கட்டிப் பழகுங்கள். மரத்த விரலுக்குக் கண்தான் வழி சொல்ல வேண்டும். நான் சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்துத்தான் போடுகிறேன், பார்க்காவிட்டால் விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மண்டபத்தில் சிக்கல் என்னவென்றால், முடிச்சு விழுகிற இடம் பெண்ணின் பிடரி. அதன் மேல் மாலை, மாலைக்கு மேல் பூ வைத்த ஜடை. கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால் மாலையையும் ஜடையையும் தூக்கிப் பிடிக்க உங்களுக்கு நெருக்கமான ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்துங்கள். கீழே மண்டியிட வேண்டாம், எழுந்திருப்பது பெரும்பாடு. பின்னால் ஒரு குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டே கட்டலாம். ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரே இடம் விட்டுத் தருவார். அதற்குள் கெட்டிமேளம் முழங்கி, அட்சதை மழையாக விழுந்து, நாலைந்து கைகள் உள்ளே நுழைந்திருக்கும். நான் பார்த்த கல்யாணங்களில் மூன்றாவது முடிச்சை உண்மையில் யார் போட்டார் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் சொல்ல முடியாது. யாராவது ஒரு சித்தி கயிற்று நுனியை இழுத்து விட்டிருப்பார். உங்கள் முடிச்சு இளகினால் அவர் இறுக்கிவிடுவார். சகுனம் அது இது என்று யாருக்கும் நேரம் இருக்காது.

பெண் வீட்டாரிடம் மறைப்பது பற்றி. அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ள மாட்டேன். நம் ஊரில் ஒரு வீட்டில் வியாதி என்றால் அந்த வீட்டின் எல்லாக் கல்யாணத்தையும் அது தொடும். ஆனால் பயம் கணக்கில் தவறாக இருக்கிறது. இது அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் உறுதி என்கிற மாதிரியான நோய் இல்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வருவது ஏறக்குறைய நாலில் ஒன்றுதான். கூடப்பிறந்தவருக்கு நூற்றில் இரண்டு மூன்று என்கின்றன மேலைநாட்டுக் கணக்குகள். தம்பியின் பிள்ளைகளுக்கு அதைவிடவும் குறைவு.

யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவு. அம்மாவுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். சம்பந்தி வீட்டுக்கு மொத்தமாகத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும், கல்யாணத்துக்கு முன்னாலேயே. தம்பியே சொல்லட்டும். பிறகு தெரிந்தால் உங்கள் நோய் அவளுக்கு ஒரு பொருட்டாக இருக்காது, மறைத்ததுதான் நிற்கும். அப்புறம் இன்னொன்று, அந்த நிமிடத்தில் உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கப்போகிறவள் அவள்தான். தெரிந்திருந்தால் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுப்பாள்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். “மூளை நரம்புல பிரச்சினை பெரியம்மா, மருந்து சாப்பிடறேன், நிக்க முடியல.” அவ்வளவுதான். எம்.எஸ். என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன், ஒரு பெரியவர் “எந்த எம்.எஸ்., சுப்புலட்சுமியா?” என்றார். அரசாங்கத் தாள்களில் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று போட்டிருக்கிறது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் நாமும் இருக்கிறோம். ஆனால் மூளையும் கண் நரம்பும் பாதிக்கப்படும் நோய்க்குத் தண்டுவடம் என்று பெயர் வைத்தால் கேட்கிறவர் முதுகு வலி என்றுதான் நினைப்பார். ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல்லை மட்டும் மறந்தும் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை சொன்னேன். தூரத்து மாமா ஒருவர் கைகழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கும் ஒருவரின் நம்பரை ரகசியமாகக் கொடுத்தார். குழந்தைகள் இரண்டு இருக்கிறார்கள் என்று சொல்லியும் விடவில்லை.

நான் கடைசியில் செய்தது ஒரு கைத்தடி வாங்கியது. வீட்டுக்குள் எனக்கு அது தேவையே இல்லை. விசேஷ வீட்டுக்கு மட்டும் எடுத்துப்போவேன். தடி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தால் திமிர், தடியோடு உட்கார்ந்தால் “பாவம்”. பாவம் என்பதும் எனக்குப் பிடிக்காதுதான், ஆனால் பந்தியில் இடம் பிடிக்க ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் காத்து நிற்கிற அந்தக் கொடுமை எனக்கு இல்லை. தடியைக் கண்டால் முதல் பந்தியிலேயே உட்காரவைத்துவிடுகிறார்கள். கல்யாணத்தில் தம்பியின் அக்கா தடியோடு நிற்பதா என்று உங்கள் அம்மா பதறுவார். உங்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். வீட்டுக்காரரின் கை இருந்தாலும் போதும்.

மருந்து எடுக்கும் தேதி கல்யாணத்தை ஒட்டி வருகிறதா என்று உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சில மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், கூட்டத்தில் இருமுகிறவர்கள் இருப்பார்கள். காய்ச்சல் என்று பொய் சொல்லாதீர்கள், நிஜக் காய்ச்சலே நமக்கு ஆகாது.

தாலி கட்டியதும் அறைக்குப் போய்விடுங்கள். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுங்கள். சாப்பாடு அறைக்கே வரட்டும். மாப்பிள்ளையின் அக்காவைக் காணோம் என்று யாராவது கேட்பார்கள், தம்பி பார்த்துக்கொள்வான்.

செருப்பு பின்னால் பட்டை உள்ளதாக வாங்கிக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குள் கழற்றத்தான் போகிறீர்கள், ஆனாலும் கார் நிற்கிற இடத்திலிருந்து படி வரைக்கும் நடக்க வேண்டுமே. திரும்பும்போது மணி பத்தாகியிருக்கும், தார் கொதிக்கும். நமக்குத் தெரியாது.