பையன்களின் பெயரைக் கோயில் பலகையில் எழுதலாமா?

கேள்வி: கடலூர் முதுநகர் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பில் மகளிர் குழுச் செயலாளராக இருக்கிறேன். ஏழாவது, எட்டாவது படிக்கிற பையன்கள்கூட உதட்டுக்குள் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் வைக்கிறார்கள். பெரிய பையன்கள் சாயங்காலம் ஐஸ் பிளான்ட் பின்னால் கஞ்சா பிடிக்கிறார்கள். சிலர் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்வதாகவும் கேள்வி. உலக போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று ஊர்வலம் நடத்தி, குடியிலிருந்து மீண்ட ஒருவரைப் பேச வைக்கலாம், பழக்கமுள்ள பையன்களின் பெயரைக் கோயில் பலகையில் எழுதி அபராதம் போடலாம் என்று ஊர்க் கூட்டத்தில் பேசுகிறார்கள். இது சரிவருமா? போன வாரம் என் 13 வயது மகனின் பள்ளிப் பையிலும் ஒரு கூல் லிப் டப்பா கிடைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. பெயர் வேண்டாம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பலகை வேண்டவே வேண்டாம். பெயர் ஏறிய பையனை மற்ற பிள்ளைகளோடு சேர விடமாட்டார்கள், பள்ளியிலும் ஒதுக்குவார்கள். அவனைச் சேர்த்துக்கொள்ள ஐஸ் பிளான்ட் கூட்டம் ஒன்றுதான் மிச்சம் இருக்கும். தன் பிள்ளைக்குப் பழக்கம் இருப்பது தெரிந்த தாய், அபராதத்துக்குப் பயந்து வாயே திறக்க மாட்டாள். நீங்களே யாரிடமும் சொல்லாமல்தானே எங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள்?

ஊர்வலம் நடத்தினால் கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் சேர்ந்து வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகளிலேயே, பயமுறுத்தும் படங்கள், ஒருநாள் சொற்பொழிவு, மீண்டவரின் அனுபவப் பேச்சு ஆகியவற்றை மட்டும் வைத்து நடத்தும் முயற்சிகளுக்குப் பலன் தென்படவில்லை என்று வருகிறது. 13 வயதுப் பையன் மேடையைப் பார்த்து என்ன நினைப்பான்? ‘அந்த அண்ணன் அத்தனை வருஷம் குடிச்சும் இப்ப நல்லாத்தானே நிக்கிறாரு’ என்றுதான். ‘நம் ஊர் இளைஞர்கள் அழிகிறார்கள்’ என்ற பேனர் அதைவிட மோசம். எல்லாரும் செய்கிறார்கள்போல, நாம்தான் பாக்கி என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் எது பலித்தது? ஐஸ்லாந்து நாட்டில் 1998-ல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதமாக இறங்கியது. பெற்றோர் கூட்டாக இரவில் தெருக்களைச் சுற்றி வந்தார்கள். பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தை எல்லாருக்கும் ஒன்றாக வைத்தார்கள். மாலை நேர விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. அந்தப் பணம் உங்களிடம் இல்லை. ஆனால் எல்லா வீட்டையும் ஒரே சொல்லில் கட்டுப்படுத்தும் ஊர்ப் பஞ்சாயத்து உங்களிடம் இருக்கிறது. அந்தக் கண்டிப்பைப் பிள்ளைகள்மேல் காட்டாமல் கடைக்காரர்கள்மேலும் பெரியவர்கள்மேலும் திருப்புங்கள் என்பதுதான் எங்கள் யோசனை.

முதலில் ஒரு வரைபடம் போடுங்கள். பெரிய சார்ட் தாளில் தெருக்கள், பள்ளி, பெட்டிக்கடைகள், வலைக்கூடம், ஐஸ் பிளான்ட், சவுக்குத்தோப்பு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு கிழமைகளில் நான்கு நாள், சாயங்காலம் 4 மணி முதல் 9 மணி வரை, இரண்டிரண்டு பெண்களாகப் போய்ப் பாருங்கள். எந்த இடம், எந்த நேரம், எத்தனை பிள்ளைகள், பெரியவர் யாராவது பக்கத்தில் உண்டா, விளக்கு எரிகிறதா, கீழே காலிப் பாக்கெட் எத்தனை கிடக்கிறது என்று மட்டும் எழுத வேண்டும். ஒரு பெயர்கூட எழுதக் கூடாது. பெயர் எழுதினால் அந்தத் தாள் மறுநாளே ஊர்ச் சண்டையாகிவிடும். பார்த்து முடித்தால் தொல்லை தரும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்றில் அடங்கிவிடும், நேரமும் பள்ளி விட்டு இருட்டும் வரைதான் இருக்கும். எரியாத தெருவிளக்குக்கு அந்த வாரமே கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். ஐஸ் பிளான்ட் பின்னால் வலை பின்னுகிறவர்கள் நான்கு பேர் மாலையில் உட்கார்ந்தாலே பாதி கூட்டம் கலையும். கலைந்த கூட்டம் எங்கே போகிறது என்று அடுத்த வாரமும் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த இருட்டுக்குத்தான் நகரும்.

அடுத்தது கடைகள். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை விற்கக் கூடாது. பள்ளிச் சுற்றுச்சுவரின் வெளி ஓரத்திலிருந்து 100 கஜம், அதாவது சுமார் 91 மீட்டருக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. இது 2003 புகையிலைச் சட்டம். கயிறு பிடித்து அளந்து பாருங்கள். நிகோட்டின் கலந்த மெல்லும் புகையிலைக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் உணவுப் பாதுகாப்புத் துறை தடையே போட்டிருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, 77-வது பிரிவின்படி, பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெட்டிக்கடைக்காரர்களில் பலருக்கு இந்தக் கடைசிச் சட்டம் தெரியாது. ஊர்ப் பெரியவர் இருவரும் குழுப் பெண்கள் இருவரும் போய் இதைச் சொல்லி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும், ஏனென்றால் அவரும் நாளைக்கு அதே ஊரில்தான் கடை திறக்க வேண்டும். நிற்காவிட்டால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு போட்டு ரசீது வாங்கிவையுங்கள். விற்கிறாரா என்று பார்க்கப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். அப்பாக்கள் பீடி வாங்கிவரப் பையனை அனுப்பும் பழக்கத்தையும் ஊர்க் கூட்டத்தில் சொல்லி நிறுத்த வேண்டும்.

கஞ்சா விற்கிறவனிடம் மட்டும் நீங்கள் நேரில் போகாதீர்கள். அது போலீஸ் வேலை. 1933 என்ற தேசிய எண்ணுக்கோ, மதுவிலக்குப் பிரிவின் 10581 எண்ணுக்கோ சொல்லுங்கள்.

மாலை நேரத்துக்குத்தான் குழுவின் பணமும் ஆளும் அதிகம் தேவை. பேனர், மைக்செட், சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கடற்கரையில் ஒரு வாலிபால் நெட் கட்டலாம். கபடி, சிலம்பம், ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கணக்கு டியூஷன் என எது நடந்தாலும் சரி, வாரம் ஐந்து நாள் நடக்க வேண்டும், 15 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கட்டாயம் நிற்க வேண்டும். பெரியவர் இல்லாத மைதானம் இன்னொரு ஐஸ் பிளான்ட் ஆகிவிடும். பெரும்பாலான ஊர்களில் நடக்கும் தவறு, ‘கெட்டுப்போன பையன்களைத் திருத்துகிறோம்’ என்று அவர்களை மட்டும் ஒரே அணியாகச் சேர்ப்பது. அப்படிச் சேர்த்தால் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துப் பழக்கம் கூடுவதே ஆய்வுகளில் தெரிகிறது. ஓர் அணியில் அவர்களில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், மற்ற பிள்ளைகளோடு கலந்து விடுங்கள். ஜெயித்த அன்று ‘பார்ட்டி’ என்ற பேச்சே கூடாது, பல பையன்களுக்கு முதல் பீர் அங்கேதான் கிடைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

உங்கள் ஊருக்கென்றே உள்ள ஆபத்துக் காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளியும் கோடை விடுமுறை. வேலையில்லாத பெரியவர்கள் கரையிலேயே குடிப்பார்கள், பொழுது போகாத பிள்ளைகள் பக்கத்திலேயே நிற்பார்கள். மாலைத் திட்டம் மார்ச் கடைசிக்குள் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். ஜூன் 26-க்குக் காத்திருந்தால் அந்த 61 நாளும் போய்விடும். கரையில் பிள்ளைகள் கண்முன் குடிப்பதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடு போட இதுவே நல்ல சமயம். மாசிமகத்துக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும். இன்னொன்று, தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது, புதுச்சேரியில் 18. ஆல்பேட்டை சோதனைச்சாவடி தாண்டிச் சில நிமிடம் வண்டி ஓட்டினால் போதும். ஆகவே 18, 19 வயது அண்ணன்கள்தான் சின்னப் பையன்களுக்கு வாங்கிவருகிறார்கள். அவர்களிடம் தனியாகப் பேசுங்கள், மாலை அணிக்கு உதவிப் பயிற்சியாளராகப் பொறுப்பும் கொடுத்துப் பாருங்கள்.

வீடுகளுக்கு ஒரே ஒரு விதி போதும். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் இரவு 8.30-க்கு வீட்டில் இருக்க வேண்டும், ஊர் முழுக்க ஒரே நேரம். ‘அவங்க வீட்ல விடுறாங்களே’ என்ற வாதம் அதோடு முடியும். அப்பா விடியுமுன் கடலுக்கும் அம்மா மீன் விற்கவும் போகும் வீடுகளை நான்கு நான்காகச் சேர்த்து, யார் அன்று கரையில் இருக்கிறாரோ அவர் மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். மீன் பிரிக்கப் போகும் பையன்களின் கையில் காசாகக் கூலி தருவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். படிக்கிற பையனை அந்த வேலைக்கு எடுக்காமல் இருப்பதே சரி.

ஏற்கெனவே பழகியவர்கள் விஷயம் வேறு. சொல்யூஷன் முகரும் பையனைக் கண்டால் துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள். அந்த ஆவி உடலில் இருக்கும்போது திடுக்கிட்டு ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகலாம். மெதுவாகப் போய், காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். தினமும் குடிப்பவரையோ தூக்க மாத்திரை போடுகிறவரையோ அறைக்குள் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். கஞ்சாவை விட்டால் முதல் வாரம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், பொதுவாக இரண்டு வாரத்தில் அடங்கும்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவு, புதுச்சேரி ஜிப்மர் மனநலத் துறை இரண்டும் பக்கம்தான். போன் வழி ஆலோசனைக்கு 14446, 14416. மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயப்படுகிறார்கள். சிகிச்சை கேட்டுப் போவது குற்றமில்லை. பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு வந்திருந்தால்கூட, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடிப்பவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. தலைமையாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: டி.சி. கொடுத்து அனுப்பாதீர்கள். பள்ளியோடு இருக்கிற பிடி போனால் பையனைத் திரும்பக் கொண்டுவருவது ரொம்பக் கடினம்.

ஆறு மாதம் கழித்து அதே நான்கு கிழமைகளில், அதே நேரத்தில் மறுபடி போய் எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் மகன். அவன் சாப்பிட்டு முடித்து, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். டப்பாவை முன்னால் வைத்து, ‘பையில இருந்துச்சு, பார்த்தேன்’ என்று சொல்லுங்கள். ‘யார் குடுத்தா?’ என்று ஆரம்பித்தால் நண்பனைக் காப்பாற்றப் பொய் சொல்வான். எப்போது ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் தேடுகிறதா என்று கேளுங்கள். ‘ஆமா’ என்றால் நிகோட்டின் பிடித்துவிட்டது என்று பொருள். புகையிலையை விட உதவும் 1800-11-2356 எண்ணுக்கு அவன் பக்கத்தில் இருக்கும்போதே பேசுங்கள். நிகோட்டின் சூயிங்கம்மை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள்தான் கடினம், சிடுசிடுப்பான், தலைவலி என்பான், அடிக்கடி சாப்பிடக் கேட்பான். அந்த நாள்களில் பரீட்சை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உதட்டை மடக்கி ஈறைப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். தினம் பையைச் சோதிக்க வேண்டாம், வேறு இடத்தில் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வான். வாரம் ஒருமுறை, உங்களுக்கு வசதியான ஒரு நாளில், ‘இந்த வாரம் எப்படிப் போச்சு’ என்று கேளுங்கள். நடுவில் ஒருநாள் மறுபடி வைத்துவிட்டேன் என்றால் திட்டாமல், அன்று யாரோடு, எந்த இடத்தில் இருந்தான் என்று மட்டும் கேட்டு, அடுத்த முறை அங்கே என்ன சொல்லி நழுவுவது என்று அவனையே சொல்ல வையுங்கள்.