10,000 பேரை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: கிழக்கிலங்கையின் மருதமுனையில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கைத்தறி நெய்து வருகிறது. கடைகளுக்குக் கொடுப்பதோடு நேரடியாகவும் விற்கலாம் என்று நான்கு மாதங்களுக்கு முன்பு பேஸ்புக்கில் ஒரு பக்கமும் இன்ஸ்டகிராமில் ஒரு கணக்கும் தொடங்கினேன். பேஸ்புக்கில் 212 பேரும் இன்ஸ்டகிராமில் 90 பேரும் சேர்ந்திருக்கிறார்கள். அதே காலத்தில் தொடங்கிய என் உறவுக்காரர் ஒருவரின் பக்கத்தில் 8,000 பேர் இருக்கிறார்கள். 6,000 ரூபாய் கொடுத்தால் 10,000 பின்தொடர்வோரைச் சேர்த்துத் தருவதாக ஒருவர் வட்ஸ்அப்பில் தொடர்ந்து சொல்கிறார். எண்ணிக்கை குறைந்த பக்கத்தை யாரும் நம்ப மாட்டார்களாம். வாங்கலாமா? அல்லது இந்தப் பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. அந்த 6,000 ரூபாய்க்கு நூல் வாங்குங்கள். பக்கத்தை அழிக்கவும் வேண்டாம். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த மனிதர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பக்கத்துக்கு வரும்போது அவர் கண்ணில் முதலில் படுவது எண்ணிக்கைதான். ஆனால் அவர் அங்கே நிற்பது ஒரு விநாடிதான். அடுத்த விநாடியே அவர் கீழே இறங்கி, கடைசியாகப் போட்ட சேலைப் படத்துக்கு யார் என்ன எழுதியிருக்கிறார்கள், கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியிருக்கிறீர்களா என்று பார்ப்பார். 10,000 பேர் பின்தொடரும் பக்கத்தில் ஒரு சேலைக்கு மூன்று விருப்பக்குறிகள் மட்டும் இருந்தால் அவருக்கு என்ன தோன்றும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 212 பேர் உள்ள பக்கத்தில் பதினைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தால் அது ஆள் நடமாட்டமுள்ள கடையாகத் தெரியும்.

இதைவிடப் பெரிய பாதிப்பு உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. நீங்கள் ஒரு பதிவைப் போட்டால் அது உங்களைப் பின்தொடரும் அனைவருக்கும் அப்படியே போய்ச் சேருவதில்லை. ஒருவர் இதற்கு முன்பு உங்கள் பக்கத்தோடு எப்படிப் பழகினார், எதில் நின்று பார்த்தார், எதற்குப் பதில் எழுதினார், எதை மற்றவருக்கு அனுப்பினார் என்பதையெல்லாம் வைத்துத்தான் அவருக்கு அடுத்து எதைக் காட்டுவது என்பதை பேஸ்புக்கின் கணிப்பு முறை முடிவு செய்கிறது. 2018 ஜனவரியில் பேஸ்புக்கின் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் வெளிப்படையாகவே அறிவித்த மாற்றம் ஒன்று உண்டு. வியாபாரப் பக்கங்களின் பதிவுகளைக் குறைத்து, மனிதருக்கு மனிதர் பேச்சைத் தூண்டும் பதிவுகளுக்கு முன்னிடம் கொடுக்கப்போவதாக அன்று அவர் சொன்னார். விலைக்கு வந்த கணக்குகள் எதனோடும் பழகாதவை. அவை உங்கள் பக்கத்தின் உள்ளே இருக்கும் புள்ளிவிவரங்களையும் கெடுத்துவிடும். எந்த ஊர்க்காரர் பார்க்கிறார், எந்த வயதினர் விரும்புகிறார் என்று அறிந்து அதன்படி நெய்யலாம் என்று திறந்து பார்த்தால், பெயர் கேட்டறியாத நகரங்கள் முன்னால் வந்து நிற்கும்.

அவை நிலைத்து நிற்பதும் இல்லை. 2014 டிசம்பரில் இன்ஸ்டகிராம் போலிக் கணக்குகளைக் களைந்தபோது உலகப் புகழ்பெற்ற பாடகர்களின் பக்கங்களிலிருந்தே இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் காணாமற்போனார்கள். 2019இல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் போலிப் பின்தொடர்வோரை விற்ற ஒரு நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. 2024இல் இத்தகைய விற்பனையைத் தடைசெய்யும் விதியையும் அது கொண்டுவந்தது. அந்த விதி மருதமுனைக்கு வந்து உங்களைப் பிடிக்கப்போவதில்லை. ஆனாலும் நீங்கள் வாங்கப்போவது எத்தகைய சரக்கு என்பது அதிலிருந்து விளங்கும். இவ்வாறு விற்பவர்களில் சிலர், சேர்த்துவிடுவதற்காக என்று சொல்லிக் கடவுச்சொல்லையும் கேட்பார்கள். கொடுத்தவர்கள் பக்கத்தையே இழந்திருக்கிறார்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே இயக்கி வையுங்கள்.

இதை நான் வெறும் புத்தக அறிவாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு, கல்லடியில் சிறுதொழில் செய்வோருக்கு ஒரு வகுப்பு நடத்தத் தொடங்கியபோது, பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்ற வெட்கத்தில் 3,000 விருப்பக்குறிகளை நானும் வாங்கினேன். முதல் வகுப்புக்கான அறிவிப்பைப் போட்டுவிட்டு நாற்பது கதிரைகள் வாடகைக்கு எடுத்தேன். வந்தவர்கள் நான்கு பேர். நால்வரும் நான் தொலைபேசியில் அழைத்தவர்கள். மிச்சம் முப்பத்தாறு கதிரைகளை மாலையில் திருப்பி ஏற்றும்போது லொறிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

இனி உங்கள் 212 பேரிடம் வருவோம். ஒரு கொப்பியை எடுத்து அவர்களில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும் என்று எழுதிப் பாருங்கள். உறவினர், பள்ளித்தோழி, கட்டாரில் இருக்கும் அயலவர், ஏற்கெனவே வாங்கியவர், யாரென்றே தெரியாதவர் எனப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு மனிதர் உண்மையான உறவைப் பேணக்கூடியவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 150 என்று மானிடவியலாளர் ராபின் டன்பார் 1990களில் எழுதினார். அந்த எண் சரியா என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. ஆனால் ஒரு வரம்பு இருக்கிறது என்பதைத் தறியில் இருந்துகொண்டே தொலைபேசிக்குப் பதில் சொல்லும் உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? நான்கு மாதங்களில் உங்களுக்குக் கிடைத்திருப்பது, ஒருவர் தனியாக நின்று கவனிக்கக்கூடிய அளவிலான கூட்டம். இந்த வசதி பின்னர் கிடைக்காது.

நம் பகுதியில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் முதலில் கேட்பது எந்த ஊர், யாருடைய பிள்ளை என்பதுதான். பழையவர்கள் எந்தக் குடி, அதாவது தாய்வழியில் வரும் எந்தக் குலப்பிரிவு, என்றும் கேட்டுவிடுவார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒருபோலக் குடிவழி பார்த்த கரை இது. அந்தக் கேள்வியின் நல்லது கெட்டது வேறு கதை. ஆனால் வாங்குபவர் மனதில் அது இன்னும் இருக்கிறது. இந்தச் சேலை யார் கையிலிருந்து வருகிறது என்று அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார். உங்கள் பக்கத்தின் அறிமுகத்தில் இப்போது என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று நான் அறியேன். ஊரின் பெயரையும், மூன்று தலைமுறை என்பதையும், யார் நெய்கிறார் என்பதையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். முகத்தைக் காட்ட விருப்பமில்லையென்றால் காட்ட வேண்டாம். நாடா ஓடும் தறியும் அதில் இயங்கும் கையும் போதும்.

பதிவுகளைப் பற்றிச் சற்று நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பகுதிப் பக்கங்கள் பலவற்றில் “விலைக்கு இன்பொக்ஸ் வரவும்” என்ற வரியைக் காண்கிறேன். ஆட்களை விலை கேட்க வைத்தால் கருத்துகளின் எண்ணிக்கை கூடும், பதிவு மேலே வரும் என்பது இதற்குப் பின்னால் உள்ள கணக்கு. எனக்கு இது துளியும் உடன்பாடில்லை. விலை கேட்பதற்கே கூச்சப்படும் ஒரு ஆசிரியை அந்த இடத்திலேயே விலகிவிடுவார். அவர்தான் உங்கள் உண்மையான வாடிக்கையாளர். அந்த வரிக்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: “இது நேற்றுத் தறியிலிருந்து இறங்கியது. பருத்தி, ஐந்தரை மீற்றர், சட்டைத் துணி இல்லை. படத்தில் நீலமாகத் தெரிந்தாலும் நேரில் சற்றுக் கருமை கூடியது. முதல் தடவை தனியாக, குளிர்ந்த நீரில் அலசுங்கள். இந்த நிறத்தில் இரண்டு மட்டும் இருக்கின்றன.” கீழே விலையும் அனுப்பும் செலவும். நிறம் கூடுதல் குறைவாகத் தெரிவதை நீங்களே முந்திச் சொல்லிவிட்டால், பொதியைப் பிரித்தவர் ஏமாற மாட்டார். ஏமாறாதவர் இரண்டாவது முறையும் வருவார். துணியின் மறுபக்கத்தையும் யன்னலோரப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். துணி அறிந்தவர்கள் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

இப்போது எழுதிய ஆசிரியை என்ற சொல்லைத் தொட்டே இன்னொன்று. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வேலை போன்ற புதிய வாய்ப்புகள் பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். அறிமுகக்காரர் வேறொரு வட்டத்தில் இருப்பவர். அக்கரைப்பற்றில் உங்களிடம் ஒரு சேலை வாங்கிய ஆசிரியை அதை உடுத்திக்கொண்டு பாடசாலைக்குப் போகிறார். நம் நாட்டில் ஆசிரியைகளில் பலர் நாள்தோறும் சேலை உடுத்துபவர்கள். ஆசிரியர் ஓய்வறையில் அதைத் தொட்டுப் பார்த்து “எங்கே எடுத்தது?” என்று கேட்கும் இருபது பேரும் உங்களுக்குத் தெரியாதவர்கள். விற்று இரண்டு கிழமை கழித்து, துவைத்த பிறகு சேலை எப்படி இருக்கிறது என்று அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். குறை சொன்னால் நன்றி சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். நிறைவாகச் சொன்னால், கரையும் கொசுவமும் மட்டும் தெரிய ஒரு படம் அனுப்ப முடியுமா என்றும், அதைப் பக்கத்தில் போடலாமா என்றும் கேளுங்கள். அனுமதி இல்லாமல் யாருடைய படத்தையும் போடாதீர்கள். சிறிய ஊரில் இது ஒரு வியாபாரத்தையே முடித்துவிடும்.

வாங்கியவர்களை வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலிக்குக் கொண்டுவாருங்கள். அதற்கெனத் தனி இலக்கம் வைத்துக்கொள்வது பெண்களுக்கு வேறு வகையிலும் நிம்மதி. அதில் பொருட்பட்டியல் வைக்கலாம், ஆட்களை அடையாளச் சொற்களால் பிரித்து வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு இது மிகச் சிறந்த அளவுகோலாகத் தெரிகிறது. ஒருவர் உங்கள் பெயரைத் தட்டெழுதிச் சேமித்திருக்கிறார் என்றால் திரும்பவும் வர நினைத்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு முறை, அந்த எண்ணிக்கை கூடியிருக்கிறதா, இரண்டாம் முறை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். பின்தொடர்வோர் எண்ணிக்கையை எழுத வேண்டாம்.

“மூன்று பேரை இணைத்துப் பகிர்ந்தால் ஒரு சேலை பரிசு” என்ற போட்டிகளும், லைக்குக்கு லைக் கொடுக்கும் குழுக்களும் விலைக்கு வாங்குவதன் தம்பிகள். பரிசுக்கு வந்தவர் பரிசோடு போவார்.

எண்ணிக்கை எந்த நாளும் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. விளம்பரதாரர்களிடம் பணம் பெற்று வாழும் டிக்டொக்காரருக்கு அதுவே மூலதனம். உங்களுக்கும், ஒரு பதிவு தானாகவே நன்றாகப் பேசப்பட்டு, கையில் பதினைந்து சேலைகளாவது இருப்பில் இருக்கும்போது, நோன்புப் பெருநாளுக்கோ தீபாவளிக்கோ மூன்று நான்கு கிழமைகளுக்கு முன்பு அந்தப் பதிவை அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களுக்கு மட்டும் என்று வரையறுத்து பேஸ்புக்குக்கே பணம் கட்டி விளம்பரப்படுத்துவதில் தவறில்லை. அது உண்மையான ஆட்களின் முன்னால் கொண்டுபோய் வைக்கும்; நிற்பதும் போவதும் அவர்கள் விருப்பம். உங்கள் உறவுக்காரரின் 8,000 பேர் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போன மாதம் எத்தனை சேலை போனது?

பக்கத்தை அழிக்க வேண்டாம் என்றதற்கு வருகிறேன். நான்கு மாதப் பதிவுகள் இருக்கும் பக்கம், நேற்றுத் தொடங்கிய பக்கத்தைவிட வாங்குபவருக்கு நம்பிக்கை தரும். மேலும், நீங்கள் பின்தொடராத ஒருவர் இன்ஸ்டகிராமில் செய்தி அனுப்பினால் அது வழமையான பெட்டிக்கு வராமல் “கோரிக்கைகள்” என்ற தனி இடத்தில் கிடக்கும். பேஸ்புக் பக்கத்திலும் சில செய்திகள் வேண்டாதவை என்று ஒதுக்கப்பட்டுவிடும். புதிதாகத் தொடங்குவோர் பலர் அவற்றைத் திறந்தே பார்ப்பதில்லை. இன்றிரவு இரண்டையும் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு நிறத்தைக் கேட்டு, பதில் வராமல் யாராவது இரண்டு மாதமாக அங்கே காத்திருந்தால், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்த நிறத்தில் இப்போது தறியில் என்ன இருக்கிறது என்று ஒரு படத்தோடு எழுதுங்கள். 10,000 பேரைத் தருவதாகச் சொல்பவருக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.