கருமுடியும் நரைமுடியும் ஒரே வரைபடம் தருவது ஏன்?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில் என் கருமுடி ஒன்றையும் என் அம்மாவின் நரைமுடி ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். இரண்டு வரைபடங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தன. கருவியில் கோளாறா, அல்லது நிறமியை இம்முறையில் காணவே இயலாதா?

பதில்: கருவியில் கோளாறில்லை. அகச்சிவப்புக் கதிருக்கு முடியின் நிறம் ஒரு பொருட்டே அல்ல. மூலக்கூறுகளின் பிணைப்புகள் எப்படி அதிர்கின்றன என்பதையே அது பதிகிறது. முடியில் பெரும்பங்கு கெரட்டின் என்னும் புரதம். கன்னங்கரிய முடியிலும், அதற்குக் கருமை தரும் நிறமியான மெலனின் எடையில் சில சதவீதமே. அதன் உறிஞ்சு பட்டைகளோ அகன்று மழுங்கியவை. அவற்றில் முதன்மையானது, புரதத்தின் வலுவான உச்சம் எழும் 1,650 அலை எண்ணை (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) ஒட்டியே வந்து அதற்குள் மறைந்துவிடுகிறது.

நீங்கள் முடியை வைரப் பரப்பின்மீது திருகால் அழுத்தி அளந்திருப்பீர்கள் என நினைக்கிறேன். அம்முறையில் கதிர் ஓரிரு மைக்ரான் ஆழமே இறங்கும். கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில் உறையே மூன்று, நான்கு மைக்ரான் தடிமன் உடையது. மெலனின் துகள்கள் பெரும்பாலும் அதற்கும் உள்ளே, புறணி எனப்படும் அடுக்கில் இருக்கின்றன. முடியைக் குறுக்காக மெல்லிய சீவலாக நறுக்கி, நுண்ணோக்கி இணைந்த கருவியில் பார்த்தால் புறணியை எட்டலாம். ஆனாலும் புரதத்தின் ஆதிக்கம் நீங்காது. மெலனினை அளப்பதற்கு, காரக் கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடால் அதைச் சிதைத்து, கிடைக்கும் அமிலங்களைத் திரவ வண்ணப்படிவுப் பிரிகையால் (கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரிக்கும் முறை) அளப்பதே நம்பகமான வழி.

இக்கருவி உண்மையில் திறமை காட்டுவது முடியின் சேதத்தைக் கண்டறிவதில்தான். கெரட்டின் இழைகளைப் பிணைத்து நிற்கும் இரட்டைக் கந்தகப் பிணைப்புகள், பிளீச் செய்யும்போது ஆக்சிஜனேற்றத்தால் அறுந்து சிஸ்டெயிக் அமிலமாக மாறுகின்றன. அப்போது 1,040 அருகே ஓர் உச்சம் தெளிவாக எழும். நெடுநாள் வெயிலும் இதே வேலையை மெதுவாகச் செய்வதால், ஒரே நீண்ட முடியின் வேர்ப்பகுதியையும் நுனியையும் ஒப்பிடுவது உங்கள் ஆய்வுக்கு நல்ல தொடக்கமாக அமையும்.

முடியை முதலில் எண்ணெய் போக அலசிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் ஒட்டியிருந்தால் 1,740 அருகே எஸ்டர் உச்சம் ஒன்று தலைகாட்டும். பிறகு நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் நீரின் பட்டை 1,640 அருகே வந்து புரத உச்சத்தோடு கலந்துவிடும். அம்மா எப்போதேனும் தலைக்குச் சாயம் பூசினாரா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நிரந்தரச் சாயக் கலவைகள் பலவற்றிலும் பெராக்சைடு உண்டு; பிளீச் போலவே அதுவும் 1,040 உச்சத்தை எழுப்பக்கூடும்.